மியூனிக் – ட்ரியெஸ்டே: வாடகைக் காரில் நான்கு நாடுகள், பக்கத்து சீட்டில் அப்பா

ஜூன் 19, 2024, புதன். மியூனிக்

மியூனிக்கிலிருந்து ட்ரியெஸ்டே ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். சால்ஸ்பர்க், ஃபில்லாக் வழியாக ஆட்டோபானிலேயே போய் இத்தாலிக்குள் இறங்கினால் ஐந்தரை மணி நேரம் என்கிறது போன். அப்படிப் போவதற்குத் திட்டம் எதுவும் வேண்டாம். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் போதும். நாங்கள் ஸ்லோவேனியாவைக் குறுக்கே வெட்டிப் போவதாக முடிவு செய்தோம். முதலில் ப்ளெட் ஏரி, பிறகு வர்ஷிச் கணவாய், சோச்சா ஆற்றங்கரை, அப்புறம் ட்ரியெஸ்டே. திரும்பும்போது ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானா.

நாங்கள் என்றால் நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. அப்பா பொள்ளாச்சி டிப்போவில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வால்பாறை ரூட்டில் பல வருடம் ஓட்டியிருக்கிறார். மேப்பைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன ஹேர்பின்?"

"வர்ஷிச்ல அம்பதுப்பா."

"வால்பாறைக்கு நாப்பதுதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு காரில் போவதென்றால் விசாதான் தலைவலி என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்பாவின் ஷெங்கன் விசா ஒன்றே நான்கு நாடுகளுக்கும் செல்லும். தலைவலி காரின் முன்கண்ணாடியில் இருக்கிறது. ஜெர்மனியில் காருக்கு டோல் கிடையாது. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலையில் ஏற 'வின்யெட்' என்னும் சாலைக் கட்டண வில்லை வேண்டும். 2024 விலைப்படி பத்து நாளுக்கு 11.50 யூரோ, ஒரு நாளுக்கு 8.60. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று தனித்தனியாக வாங்கினால் பத்து நாள் வில்லையைவிட அதிகம். அதையே இணையத்தில் டிஜிட்டலாக வாங்கலாமே என்று போனால், பத்து நாள் வின்யெட் வாங்கிய 18ஆம் நாளிலிருந்துதான் செல்லுமாம். இணையத்தில் வாங்கியதை ரத்து செய்ய நுகர்வோருக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு, அது முடிந்த பிறகே செல்லுபடி என்று கணக்கு. நுகர்வோரை இந்த அளவுக்குக் காப்பாற்றினால் அவர் எப்போது ஊருக்குப் போவது? பெட்ரோல் பங்கில் ஸ்டிக்கராக வாங்கி ஒட்டினால் அந்த நிமிடமே செல்லும்.

ஸ்லோவேனியா நேர் எதிர். 2022இல் ஸ்டிக்கரை அடியோடு நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டல் மட்டும்தான். ஒரு வாரத்துக்கு 16 யூரோ, வண்டி எண்ணோடு கட்டியது. வாடகைக் காரின் எண் சாவி கைக்கு வரும்வரை தெரியாது என்பதை இதை வடிவமைத்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. இத்தாலியில் வில்லையே இல்லை, ஓடின தூரத்துக்குக் காசு. ஆனால் ஊர் மையங்களில் அனுமதி இல்லாத கார் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, சில மாதம் கழித்து வீட்டுக்கு அபராதம் வரும். அதனால் ட்ரியெஸ்டேயில் காரை எங்கே நிறுத்துவது என்பதை விடுதிக்கு முன்பே தேடி வைத்தோம்.

இவை போக ஓரங்களில் சுங்கம் கட்ட வேண்டிய சுரங்கங்கள். ஆஸ்திரியாவில் டவர்ன் மலைப் பகுதிக்குச் சுமார் 14 யூரோ, எல்லையில் கரவாங்கன் சுரங்கத்துக்குத் தனி. வாடகை நிறுவனத்திடம் எந்தெந்த நாட்டுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியாயிற்று. எல்லை தாண்ட ஒரு கட்டணம் உண்டு, ஒரு தடவைதான் என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்டரே இல்லைன்னு சொன்ன?" என்றார்.

ஜூன் 22, சனி. மியூனிக் – ப்ளெட்

வாடகை நிறுவனத்திலிருந்து நேற்று மாலையே வண்டி எண்ணை அனுப்பியிருந்தார்கள். ராத்திரியே அந்த எண்ணுக்கு ஸ்லோவேனிய வின்யெட் வாங்கிவிட்டேன். காலையில் போனால் அந்த வண்டி இல்லை. முந்தையவர் திருப்பித் தரவில்லையாம், அதே ரகத்தில் வேறு கார் தருகிறோம் என்று சிரித்த முகத்தோடு சாவியை நீட்டினார்கள். 16 யூரோ வேறு யாருடைய காருக்கோ தானமாகப் போனது. நிலத்தடி கார் நிறுத்தத்தில் சிக்னல் கிடைக்காமல் வெளியே ஓடி வந்து புது எண்ணுக்கு மறுபடி வாங்கினேன். பேச்சில் நேரம் போனால் மலைச்சாலையில் இன்னும் கூட்டம் சேரும் என்று சண்டை போடாமல் கிளம்பிவிட்டோம்.

கூட்டம் முன்பே சேர்ந்திருந்தது. கோடை சனிக்கிழமையில் ஆஸ்திரியாவின் ஏ10 நெடுஞ்சாலையில் தெற்கே போவது ஜெர்மனிக்காரர்கள் பாதிப் பேரின் வழக்கம். போதாததற்கு அந்தச் சாலையின் சுரங்கங்களைப் புதுப்பிக்கும் வேலை 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து நெரிசல் ஒரு தனிப் பேச்சாகவே ஆகிவிட்டது. சால்ஸ்பர்க்கைத் தாண்டி ஹல்லைன் அருகே நின்றோம். போன் உடனே "இறங்கி ஊருக்குள் போ, 20 நிமிடம் மிச்சம்" என்று ஆசை காட்டியது. அதற்கும் இங்கே வழி இல்லை. வெளியூர் வண்டிகள் நெரிசலுக்குப் பயந்து கிராமத் தெருக்களை அடைத்துவிடுகின்றன என்று வார இறுதிகளில் இப்படி இடையில் இறங்குவதைச் சால்ஸ்பர்க் மாநிலம் தடுக்கிறது. அந்தக் கிராமத்தில் குடியிருந்தால் நானும் தடுக்கத்தான் சொல்வேன்.

நின்ற இடத்தில் ஒன்று நடந்தது. வேகம் குறையக் குறைய, இடது தடத்துக் கார்கள் இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டும், வலது தடத்துக் கார்கள் வலது ஓரமாகவும் ஒதுங்கின. யாரும் சொல்லவில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நடுவில் ஒரு லாரி போகும் அகலத்துக்கு வெற்று இடம். ஆம்புலன்ஸ் வந்தால் போக வழி. வரும்வரை காத்திருந்து ஒதுங்குவது இங்கே முறை இல்லை. நிற்கும்போதே ஒதுங்கி நிற்க வேண்டும், சட்டம். அப்பா கதவுக் கண்ணாடியை இறக்கி முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தார்.

"இந்த கேப்ல ஒருத்தன்கூட உள்ள உடலியே!"

பத்து நிமிடம் கழித்து நிஜமாகவே ஒரு ஆம்புலன்ஸ் அந்த நடுவழியில் சர்ரென்று போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு காராவது போகும் என்று அப்பா தலையைத் திருப்பிக் காத்திருந்தார். ஒன்றும் போகவில்லை. கரவாங்கன் வரும்வரை இதையேதான் பேசிக்கொண்டு வந்தார்.

கரவாங்கன் சுரங்கம் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளம். ஒரு முனை ஆஸ்திரியா, மறுமுனை ஸ்லோவேனியா. எல்லை மலைக்கு நடுவில், சுரங்கத்துக்குள் இருக்கிறது. திறந்தது 1991 ஜூன் முதல் தேதி. அப்போது அந்தப் பக்கம் யூகோஸ்லாவியா. அதே மாதம் 25ஆம் தேதி ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்தது, போர் வந்தது, புத்தம் புதுச் சுரங்க வாசலிலும் சண்டை நடந்தது. இன்னும் ஒரே குழாய்தான், எதிரும் புதிருமாக வண்டிகள். இரண்டாவது குழாயைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே விடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள் என்பதால் வாசலில் ஐம்பது நிமிடம். வெளியே வந்தபோது மழை.

காலை எட்டுக்குக் கிளம்பியவர்கள் ப்ளெட் வந்து சேர மாலை நாலரை. கிரேம்ஷ்னிட்டா என்னும் கேக்தான் முதல் சாப்பாடு. மேலும் கீழும் மொறுமொறு தகடு, நடுவே கஸ்டர்டும் க்ரீமும், ஏழுக்கு ஏழு சென்டிமீட்டர் சதுரம். ஏரிக்கரை பார்க் ஹோட்டலில் 1953இல் இந்த வடிவம் பிறந்தது என்கிறார்கள். கரண்டியால் மேல்தகட்டைத் தட்டினால் மொத்தமும் ஒரு தரம் ஆடி நிற்கும், அப்படி ஆடினால்தான் சரியான பதமாம். அப்பா சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். "இருக்குது மாமா" என்றாள். அவர் மேல்தகட்டை மட்டும் சாப்பிட்டார். அதில் வெண்ணெய்தான் என்று பணிப்பெண் சொல்லியிருந்தாள்.

தங்கிய வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். நனைந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, வீட்டுச் செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். பிறகு எல்டர் பூவில் காய்ச்சிய சர்பத் ஒரு ஜாடி. ராத்திரி சாப்பாடு என்ன செய்வது என்று கேட்டதும் அவராகவே கடிகாரத்தைக் காட்டினார்: கடைக்கு இப்போதே போங்கள், நாளை ஞாயிறு, கடை கிடையாது. 2020இலிருந்து ஞாயிறும் விடுமுறை நாட்களும் கடைகளுக்குச் சட்டப்படி அடைப்பு. அந்த அம்மா சொல்லாவிட்டால் மறுநாள் கணவாயில் பட்டினிதான்.

ஜூன் 23, ஞாயிறு. வர்ஷிச், சோச்சா, போவெட்ஸ்

படகுக்காரர்கள் தீவுக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு மறுத்துவிட்டோம். ப்ளெட் அழகுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அழகைப் பார்க்க வந்தவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

வர்ஷிச் வேறு கதை. க்ரான்ஸ்கா கோராவிலிருந்து சாலை காட்டுக்குள் ஏறுகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலகை, அதில் வளைவின் எண்ணும் உயரமும். ஏறும்போது 24, அந்தப் பக்கம் இறங்கும்போது 26. சாலை முழுவதும் தார், ஏறும் பக்கத்து வளைவுகளில் மட்டும் பழைய கருங்கல் பாவல். மழையில் நனைந்த கல்லில் டயர் லேசாக நழுவும்போது வயிற்றில் ஒரு சில்லிப்பு.

அப்பா வாயை மூடிக்கொண்டு வருவார் என்று நான் நம்பியது மூன்றாவது வளைவுவரை.

"செகண்ட்ல போடு."

"ஆட்டோமேட்டிக்ப்பா, கியரே இல்ல."

"அப்ப இன்னும் வெளிய எடுத்துத் திருப்பு. அவசரப்படாத. மேல ஏறறவனுக்குத்தான் வழி, இறங்கறவன் நிப்பான்."

நின்றார்கள். இறங்கி வந்த பைக்காரர்கள், கேரவான்காரர்கள் எல்லோரும் வளைவுக்கு முன்பே ஒதுங்கிக் கையைக் காட்டினார்கள். அப்பாவால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. முகம் தெரியாத வளைவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. "ஒரு சவுண்டு குடுத்தா என்ன, காசா பணமா" என்று ஒவ்வொரு வளைவிலும் முணுமுணுத்தார். ஒரு தடவை ஸ்டியரிங் பக்கம் கையே வந்துவிட்டது.

எட்டாவது வளைவை ஒட்டி மரத்தாலான சின்ன ரஷ்யக் கோயில், வெங்காய வடிவக் கோபுரங்களோடு. இந்தச் சாலையைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க் கைதிகள். முதல் உலகப் போரில் சோச்சா போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோக ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் 1915இல் அவர்களை வைத்து வேலையை ஆரம்பித்தது. 1916 மார்ச்சில் பனிச்சரிவு வந்து கைதிகளும் காவலர்களும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். மிச்சமிருந்த கைதிகள் செத்தவர்களுக்காகக் கட்டிய கோயில் இது. உள்ளே போக முடியவில்லை, பூட்டியிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கும்பிட்டார். "ரோடு போட்டவனுக்கு ஊரு ஊருக்கு ஒரு கோயில் கட்டலாம்" என்றார்.

உச்சி 1611 மீட்டர். நிறுத்தக் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம். செம்மறி ஆடுகள் கார்களுக்கு நடுவே படுத்திருந்தன. அங்கே ஒரு சின்னச் சுற்றுலாப் பேருந்து நின்றது. டிரைவர் வெளியே சக்கரத்தில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் காபி வாங்கிவிட்டு வருவதற்குள் அப்பா அவர் பக்கத்தில் போய்விட்டார். மொழி கிடையாது. அப்பா தன் நெஞ்சைத் தொட்டு, கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டி, "பஸ், பஸ், இந்தியா" என்றார். அந்த ஆள் ரொட்டியைப் பையில் போட்டுவிட்டுக் கைகுலுக்கினார். பிறகு இருவரும் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்கள். அப்பா காலை அழுத்திப் பிரேக் காட்டி, மூக்கைச் சுளித்து வாசனை பிடிப்பதுபோல் செய்தார்: இறக்கத்தில் பிரேக் கருகுமா என்று கேட்கிறார். அவர் தலையாட்டி, கையால் கியரைக் கீழே கீழே தள்ளிக் காட்டினார்: கியரில்தான் இறக்குவேன். அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எஞ்சின் பிரேக்கு! ஒனக்கு நான் என்ன சொன்னேன்?" என்றார். பிரியும்போது டிரைவர் அரை ரொட்டியை நீட்டினார். உள்ளே ஹாம். ஞாயிறுதானே, அப்பா வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது அதே பேருந்துக்குப் பின்னால் அப்பா சொன்ன தூரத்தில், அப்பா சொன்ன வேகத்தில் வந்தேன்.

சோச்சா ஆற்றின் நிறம் படங்களில் பார்த்தபோது கணினி வேலை என்று நினைத்திருந்தேன். நேரில் அதைவிட அதிகப் பச்சை. ட்ரெண்டாவில் பாறை இடுக்கில் ஆறு ஒடுங்கி ஓடும் இடத்தில் இறங்கிக் காலை வைத்தோம். மனைவி பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். தண்ணீர் அப்படிக் குளிர்.

போவெட்ஸில் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோம்பே என்று ஒரு தட்டு: தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் உதிரியான பால்கட்டியும் உள்ளூர் ஆட்டுப்பால் சீஸும். இடையர்களின் சாப்பாடு. எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, கிழங்கின் ருசி மட்டும். எனக்கு இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு அதுதான், 11 யூரோ. அப்பாவுக்கு சோச்சா ட்ரவுட் மீன், 19 யூரோ, சோளமாவு தடவி வறுத்தது. மிளகாய்ப்பொடி டப்பாவை மனைவி பையிலிருந்து எடுத்தாள். பரிமாறிய இளைஞன் அதை வாங்கி முகர்ந்து, கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனான். உள்ளே சிரிப்புச் சத்தம், பிறகு இருமல் சத்தம்.

கடைசியில் யூரோ 2024 கால்பந்துப் போட்டியில் ஜெர்மனி – சுவிட்சர்லாந்து ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஜெர்மனியின் ஃபுல்க்ரூக் தலையால் முட்டிச் சமன் செய்ததும் பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மன் பைக்காரர்கள் மேசையை அறைந்ததில் என் தண்ணீர் கவிழ்ந்தது. உடனே ஒருவர் எழுந்து வந்து துடைத்து, ஒரு காக்டா பாட்டில் வாங்கித் தந்தார். யூகோஸ்லாவியா காலத்திலிருந்து வரும் மூலிகைக் குளிர்பானம், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது.

ஜூன் 24, திங்கள். கோபரிட், நோவா கோரிட்சா, ட்ரியெஸ்டே

கோபரிட்டில் போர் அருங்காட்சியகம். 1917 அக்டோபரில் இத்தாலிய முனை உடைந்த இடம் இது. கூட்டமில்லாத, பகட்டில்லாத அருங்காட்சியகம். யார் பக்கமும் சாயாமல், பனியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நோவா கோரிட்சா என்றால் புதிய கோரிட்சா. 1947இல் கோடு போட்டபோது பழைய ஊர் கோரிட்சியா இத்தாலிக்குப் போனது, அதன் ரயில் நிலையம் யூகோஸ்லாவியா பக்கம் வந்தது. ஊர் இல்லாத நிலையத்துக்காக ஒரு புது ஊரைக் கட்டினார்கள். நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் நடுவே 2004வரை வேலி இருந்தது. 2025இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருக்கப்போகின்றன. அதற்கான வேலைகள் ஊரில் அங்கங்கே நடந்துகொண்டிருந்தன. அப்பா ரயில் நிலையத்துப் படியில் நின்று, "அப்ப அந்தாண்ட தெரியற வீடு இத்தாலியா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த வீட்டு மாடியில் ஒரு பெண் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

வேலி இல்லைதான். ஆனால் காரில் கோரிட்சியாவுக்குள் நுழைந்ததும் சீருடைக்காரர்கள் கை காட்டி ஓரம்கட்டச் சொன்னார்கள். 2023 அக்டோபரிலிருந்து இத்தாலி இந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் போன இரண்டு கார்களை நிறுத்தவில்லை. எங்களைப் பார்த்ததும் கை தூக்கினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். அப்பா சட்டைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்போர்ட்டை எடுத்து, விசாப் பக்கத்தை விரித்து நீட்டினார். இதற்காகவே காத்திருந்தவர்போல் இருந்தார். செக்போஸ்ட்டில் ஆவணம் காட்டி வாழ்க்கை நடத்தியவர் அல்லவா. மூன்று நிமிடம், "புவோன் வியாஜ்ஜோ", கிளம்பினோம்.

ட்ரியெஸ்டேயில் வெயில் கொளுத்தியது. கார் நிறுத்த ஒரு நாளுக்கு 24 யூரோ. அறை வாடகையில் கால்வாசி. 1918வரை இது ஆஸ்திரியப் பேரரசின் பெரிய துறைமுகம், அதனால் கட்டடங்கள் எல்லாம் வியன்னா சாயல். பெரிய சதுக்கம் மூன்று பக்கம் அரண்மனைகளும் நாலாம் பக்கம் கடலுமாகத் திறந்து கிடக்கிறது.

இந்த ஊருக்குக் காபிதான் தொழில். இல்லி நிறுவனம் 1933இல் இங்கே பிறந்தது. காபி கேட்பதற்கும் ஊருக்கென்று முறை உண்டு. 'நெரோ' என்றால் வெறும் எஸ்பிரெஸோ. அப்பாவுக்கு அது வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகாஷன் மட்டும் குடுத்துட்டுப் போயிட்டான், பாலு எப்ப வரும்?" என்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் 'காப்போ இன் பி' சொல்லும்படி சைகை காட்டினார். சின்னக் கண்ணாடி டம்ளரில், மேலே நுரை ததும்ப, இரண்டு மடக்கு காபி. நின்றுகொண்டு குடித்தால் 1.50 யூரோ. அதையே மேசைக்குக் கொண்டுவரச் சொன்னால் விலை ஏறும். அப்பா நின்றபடியே மூன்று குடித்தார்.

ராத்திரி இத்தாலி – குரோஷியா. குரோஷிய எல்லை இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவு, அதனால் கடையில் இரண்டு கட்சியும் இருந்தது. குரோஷியாவின் மோட்ரிச் பெனால்டியைத் தவறவிட்ட அடுத்த நிமிடமே கோல் போட்டார். ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் பில் கேட்கத் தொடங்கியபோது, 98ஆவது நிமிடத்தில் இத்தாலியின் ஸாக்காஞ்ஞி உதைத்த பந்து வலைக்குள், சமன். கடை முழுக்க நாற்காலிகள் விழுந்தன. மூலையில் கட்டம்போட்ட ஜெர்சியில் இருந்த இரண்டு குரோஷியர்கள் அசையவே இல்லை. கடைக்காரர் கத்தி முடித்ததும் அவர்கள் மேசைக்குப் போய், ஒன்றும் பேசாமல் இரண்டு சின்னக் கோப்பை க்ராப்பா என்னும் திராட்சைச் சாராயம் வைத்துவிட்டு வந்தார்.

ஜூன் 25, செவ்வாய். லுப்லியானா

காலையில் மிராமாரே கோட்டை. மாக்சிமிலியன் என்ற ஆஸ்திரிய இளவரசர் கடலை ஒட்டிக் கட்டிக்கொண்டது; முழுசாக அனுபவிக்கும் முன் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போய் 1867இல் சுட்டுக் கொல்லப்பட்டார். "இந்த வீட்ட உட்டுட்டு எதுக்குப் போனான்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி.

லுப்லியானாவுக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்லோவேனிய எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. ஆட்டோபானை விட்டு இறங்கிப் பெட்ரோல் போட்டோம். நெடுஞ்சாலைக்கு வெளியே அரசு விலையைக் கட்டுப்படுத்துகிறது, மியூனிக்கைவிட லிட்டருக்கு இருபது சென்ட்டாவது குறைவு.

இன்று ஸ்லோவேனியாவின் தேசிய நாள். சுரங்கக் கதையில் வந்த அதே ஜூன் 25. கடைகள் மறுபடி அடைப்பு. பேருந்து நிலையம் பக்கத்தில் திறந்திருந்த ஒரு புரெக் கடைதான் மதியச் சாப்பாடு: எண்ணெய் வடியும் அடுக்கு மாவுக்குள் சீஸ், ஒன்று நாலு யூரோ, ஒரே ஒன்றில் வயிறு நிறைந்துவிடும். ஊர் மையத்தில் கார் கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு 'கவாலிர்' என்ற சின்ன மின்சார வண்டி ஓடுகிறது, இலவசம். கை காட்டினால் நிற்கும். அப்பா அதில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி மூன்று பாலம், டிராகன் பாலம், சந்தை எல்லாம் சுற்றினார். நாங்கள் பின்னால் நடந்தோம். ப்ளெச்னிக் என்ற ஒரே கட்டடக் கலைஞர் ஊரின் பாதியைத் தன் கையால் தொட்டிருக்கிறார். தூண், விளக்கு, படிக்கட்டு எதைப் பார்த்தாலும் அவர் பெயர் வருகிறது.

இரவு ஒன்பது மணிக்கு ஸ்லோவேனியா – இங்கிலாந்து. இருபது லட்சம் பேர் உள்ள நாடு, தேசிய நாளில் இங்கிலாந்தோடு ஆட்டம். ஆற்றங்கரைக் கடைகளில் உட்கார இடமில்லை. ஒரு குடும்பம் நகர்ந்து அப்பாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் கொடுத்தது. அந்த வீட்டுப் பாட்டி அப்பா கழுத்தில் தன் ஸ்லோவேனியா அணிச் சால்வையைச் சுற்றிவிட்டார். ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. இங்கிலாந்து பந்தை வைத்துக்கொண்டு உருட்டியது, கோல்கீப்பர் ஓப்லாக் நின்றார், பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஊதல் சத்தம் கேட்டதும் ஊரே எழுந்து அழுதது, கட்டிப்பிடித்தது.

"ஒரு கோலும் போடலியேடா, என்னத்துக்கு இந்தக் கூத்து?"

மூன்று ஆட்டமும் டிரா. ஆனாலும் அடுத்த சுற்று. பெரிய போட்டி ஒன்றில் முதல் சுற்றைத் தாண்டுவது ஸ்லோவேனியாவுக்கு இதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் வெளிச்சாலையில் கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. ஒன்று, பத்து, நூறு. நள்ளிரவு தாண்டியும் நிற்கவில்லை. அப்பா சால்வையோடு சாலையோரம் நின்று கை ஆட்டினார். "இப்பத்தான் ரோடு மாதிரி இருக்குது" என்றார். சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம், பாட்டி வாங்கவில்லை.

ஜூன் 26, புதன். மீண்டும் மியூனிக்

கரவாங்கனில் முக்கால் மணி நேரம். ஆஸ்திரியப் பக்கத்தில் பெயருக்கு ஒரு சோதனை. வழியெங்கும் கார்களில் சிவப்பு-வெள்ளைக் கொடி. நேற்று ஆஸ்திரியாவும் நெதர்லாந்தை 3-2 என்று ஜெயித்திருந்தது. மலையில் மழை. டவர்ன் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்.

ஜெர்மன் எல்லையில் ஒரே தடமாக ஒடுக்கி எல்லோரையும் பார்த்தார்கள். கால்பந்துப் போட்டி முடியும்வரை எல்லா எல்லையிலும் இப்படித்தான். இளம் போலீஸ்காரி குனிந்து, அப்பாவின் கழுத்துச் சால்வையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் இந்தியா. மறுபடி சால்வை. "ஸ்லோவேனியா?" அப்பா இரண்டு கையிலும் பூஜ்யம் செய்து காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். விசாவை ஒரு தரம் புரட்டிவிட்டு, போகச் சொன்னாள்.

காரை ஒப்படைக்கும்போது மணி ஒன்பது. அலுவலகம் மூடியிருந்தது, சாவியைப் பெட்டியில் போட்டோம்.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு பின்குறிப்பு. நேற்று ராத்திரி ஸ்லோவேனியா போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றது. கூடுதல் நேரத்தில் ரொனால்டோவின் பெனால்டியை ஓப்லாக் தடுத்தபோது அப்பா போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து கதவைத் தட்டினார்கள்.

வாடகை நிறுவனத்தின் பில்லும் வந்திருக்கிறது. எல்லை தாண்டிய கட்டணம் ஒன்றுக்குப் பதில் மூன்று: ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி. ஒரு தடவைதான் என்று சொன்னீர்களே என்று மின்னஞ்சல் போட்டேன். பதினைந்து வேலை நாளுக்குள் பதில் வருமாம். "துப்பாக்கி வெச்சிட்டு நின்னவனெல்லாம் சும்மா உட்டான்" என்று அப்பா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.